கரடியின் முழங்காலுக்கு மேல்

இந்த நகரத்தில் எதற்கும் பயப்படாத மனிதன் ஒருவன்தான் இருக்கிறான், அது நான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கென்று ஒரு கட்டம் வைக்காததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. ஈரக் கையோடு சுவிட்சைப் போடுவேன். ஓடும் பேருந்தில் ஏறுவேன். இருமல் மருந்தின் காலாவதித் தேதியை நிதானமாகப் படித்துவிட்டுப் பிறகு குடிப்பேன். போன வருடம் கல்லூரிப் பேச்சுப்போட்டியில் 'பயம் ஒரு வீண்செலவு' என்ற தலைப்பில் பேசி இரண்டாம் பரிசு வாங்கினேன். முதல் பரிசு வாங்கியவள் மேடையில் கைகால் நடுங்கப் பேசினாள். நடுவர்கள் அதை உணர்ச்சி என்று நினைத்துவிட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நடக்காத ஒன்றை நினைத்து நடுங்கிவிட்டு, நடுங்கியதற்கு வருடாவருடம் ரசீது வாங்கிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர்.

இப்படிப்பட்ட என்னைத்தான் சித்தி, சனிக்கிழமைதோறும் சித்தப்பாவை ஸ்கூட்டரில் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் விட்டு, வேலை முடியும்வரை அங்கேயே இருந்து, திரும்பக் கூட்டிவரும் பணியில் அமர்த்தியிருந்தாள். சித்தப்பா பதினோரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இயக்கியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்துவிட்டார். அங்கே விலங்குகள் அறையில் பாடம் செய்த கரடி ஒன்று பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. எட்டடி உயரம். எப்போதோ ஒரு கண் விழுந்து, அதற்குப் பதிலாகக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் கண்ணைப் பொருத்திவிட்டதால், எதிரே நிற்பவர் சொல்வதை நம்பாதது போன்ற முகம். அதன் ரோமத்தை வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தட்டிவிடாவிட்டால் அந்துப்பூச்சி வைத்துவிடும். அதுதான் சித்தப்பாவின் வேலை. ஒரு ஷூ பிரஷோடு ஏணியில் ஏறி, காதில் ஆரம்பித்துக் கால் நகம் வரை வருவார். ஒன்பது வருடமாக இதே வேலை. கரடியை அவர் 'மாப்ளே' என்று கூப்பிடுவார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாணய அக்கா விரலைக் கிழித்துக்கொண்டாள்.

நாணய அக்கா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாணயங்கள் அறையில் தன்னார்வலர். ஒரு சனிக்கிழமை பழைய பெயர்ச்சீட்டு ஒன்றின் ஓரம் பட்டு ஆள்காட்டி விரலில் கீறல் விழுந்தது. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று சாப்பிடும்போது காப்பாட்சியர் இதைத் தன் மனைவியிடம் சொல்லித் தொலைக்க, அந்த அம்மாள், "அவங்க கேஸ் போட்டா?" என்று மூன்றே வார்த்தையில் கேட்டுவிட்டாள். காப்பாட்சியர் அதற்குப் பிறகு நான்கு நாள் தூங்கவில்லை என்று அருங்காட்சியகம் முழுவதும் பேசிக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் தன்னார்வலர் பொறுப்புக் காப்பீடு என்று எண்பத்து நான்கு பக்கத்துக்கு ஒரு பாலிசி வந்தது. அதைப் படிப்பதற்கென்று ஒரு பாதுகாப்பு அதிகாரியும் வந்தார்.

பாலிசியைப் பற்றி அல்லாத எந்த வாக்கியத்தையும் அவர் 'பத்திரம்' என்று சொல்லாமல் முடிக்கமாட்டார். "டீ சூடா இருக்கு, பத்திரம்." "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பத்திரம்." ஒரே வாரத்தில் அவர் எல்லாருக்கும் பத்திரம் சார் ஆகிவிட்டார்.

முதல் கூட்டத்தில் பத்திரம் சார் எழுந்து நின்றார். நிற்பதற்கு முன் நாற்காலியின் நான்கு கால்களையும் குனிந்து பார்த்தார்.

"பாதுகாப்புன்னா என்ன? ஆபத்து வராம தடுக்கிறதா? இல்லைங்க. அது நம்ம கையில இல்ல. ஆபத்து வந்தா, அது நம்ம மேல வராம தடுக்கிறது. அதுதான் பாதுகாப்பு. ஒருத்தர் விழுந்துட்டார்னு வைங்க. எல்லாரும் ஓடிப்போய் என்ன கேப்பீங்க? 'அடிபட்டுச்சா'ன்னு. தப்பு! அது மனுஷத்தன்மை. நல்லதுதான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி, 'யார் கேட்டு ஏறுனீங்க?'"

காப்பாட்சியர் கைதட்டினார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார்.

முதல் சிக்கல் பாலிசியின் மூன்றாம் பக்கத்திலேயே காத்திருந்தது. 'தன்னார்வலர் என்பவர் தம் சொந்த விருப்பத்தின் பேரில் வருபவர்' என்று அங்கே இருந்தது. விருப்பத்துக்குச் சான்று வேண்டும் என்றார் பத்திரம் சார். மற்றவர்கள் எதையோ எழுதிக் கொடுத்துத் தப்பிவிட்டார்கள். சித்தப்பா மட்டும் நேர்மையாக, "வீட்ல கேட்டுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டார். பத்திரம் சார் அங்கேயே சித்திக்குப் போன் போட்டார். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் சொந்த விருப்பத்துலதான இங்க வர்றாரு?"

"அவர் விருப்பமா? காபியக் கையில குடுத்து, செருப்ப எடுத்து முன்னால வச்சு, வாசல் வரைக்கும் தள்ளிட்டு வர்றதே நான்தான். சனிக்கிழமையும் அவர் வீட்ல இருந்தா நான் எங்க போறது?"

பத்திரம் சார் பேனாவை மூடினார்.

"தள்ளப்பட்டவர்" என்றார் வருத்தத்தோடு. "தன்னார்வலர் இல்ல. தள்ளுறது பதினேழாம் பிரிவுல வருது. தாக்குதல்."

கடைசியில் சித்தப்பா, 'யாரும் தள்ளாவிட்டாலும் நான் வந்திருப்பேன்' என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சித்தி அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து மட்டும் அழகா இருக்கு. எழுதியிருக்கிறது பூரா பொய்" என்றாள். நான் சிரித்துச் சிரித்து ஓய்ந்தேன்.

அடுத்த வாரம் பணி விவரப் படிவம் வந்தது. 'விலங்குகளுடன் பணிபுரிகிறீர்களா? ஆம் / இல்லை.' சித்தப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு 'ஆம்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டார். 'விலங்கின் வகை: கரடி. எண்ணிக்கை: ஒன்று. கூண்டில் உள்ளதா: இல்லை.'

பத்திரம் சாருக்கு வியர்த்துவிட்டது.

"சார், அது செத்துப்போன கரடி" என்றேன்.

"எனக்குத் தெரியும் தம்பி. உங்களுக்குத் தெரியும். கரடிக்கும் தெரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டா போச்சு."

"யார் சொல்றது? நான் சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, செத்துடுச்சுன்னு சொன்னவன் நான்தானே?"

ஆகவே கால்நடை மருத்துவர் வரவழைக்கப்பட்டார். பாவம், அவர் ஒரு பசுவின் பிரசவத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். கரடியின் முன்னால் பெட்டியோடு சற்று நேரம் நின்றார்.

"என்ன கம்ப்ளெய்ன்ட்?"

"செத்துடுச்சான்னு பார்க்கணும் டாக்டர்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த மானைப் பார்த்தேன். கடைசியில் அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கரடியின் நெஞ்சில் வைத்தார். சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது வருடப் பழக்கம். அந்த ஒரு நொடி அவருக்கே சின்னதாக நம்பிக்கை வந்துவிட்டது என்று பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார். மருத்துவர் 'நாடித்துடிப்பு இல்லை' என்று எழுதினார். இறந்த தேதி கேட்டார் பத்திரம் சார். எனக்குத் தெரியாது என்றார் மருத்துவர். அப்படியானால் இன்று என்று போடுங்கள் என்றார் பத்திரம் சார். பதிவேட்டின்படி அந்தக் கரடி அன்று காலை பதினொன்றரை மணிக்கு, ஏழு பேர் முன்னிலையில், இயற்கையாக மரணமடைந்தது.

அதற்குப் பிறகு பயிற்சி முகாம். தலைப்பு: 'பாலிசிக்குள் விழுவது எப்படி?'

ஒவ்வொரு அறையிலும் தன்னார்வலர் நிற்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். காப்பீடு கோட்டுக்குள்தான் செல்லும். கோட்டுக்கு வெளியே விழுந்தால் அது சொந்த விஷயம்.

"தடுக்குதுன்னு வைங்க" என்றார் பத்திரம் சார். "பதற்றப்படக் கூடாது. மொதல்ல கீழ பாருங்க, கோடு எங்க இருக்கு? வெளிய இருந்தா, ரெண்டு எட்டு எடுத்து வச்சு உள்ள வாங்க. வந்துட்டு நிம்மதியா விழுங்க."

அவரே செய்து காட்டினார். தடுக்கி, சமாளித்து, எட்டிக் கோட்டைத் தாண்டி, கைகளை விரித்து அழகாக விழுந்தார். அறுபது வயது தாண்டிய பதினோரு தன்னார்வலர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக விழுந்து பழகினார்கள். பாலிசி வருவதற்கு முன்பு அந்த அருங்காட்சியகத்தில் யாருமே விழுந்ததில்லை. பயிற்சியில் மூன்று பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பயிற்சிக் காயங்கள் எண்பதாம் பக்கத்தில் விலக்கப்பட்டிருந்தன.

நாணய அக்காவுக்கு மட்டும் விழுவது சரியாக வரவில்லை. ஒவ்வொரு முறையும் கால் உள்ளேயும் தலை வெளியேயும் கிடந்தாள்.

"தலைய உள்ள இழுங்கக்கா" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"உனக்கென்னடா, நீ சும்மா நிக்கிற" என்றாள் தரையிலிருந்தபடியே. "இரு, எழுந்து வர்றேன்."

எதற்கும் பயப்படாத நான் விலங்குகள் அறைக்குப் போய்விட்டேன்.

அங்கேதான் எல்லாவற்றுக்கும் மேலான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. உயரத்தில் வேலை செய்பவருக்கு ஒரு கண்காணிப்பாளர் வேண்டும் என்கிறது முப்பத்தெட்டாம் பிரிவு. கண்காணிப்பாளர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதால் அவர் கழுத்துக்கு ஆபத்து. அவரைக் கவனிக்க ஒருவர். இப்படியே ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஏணியைச் சுற்றி இரண்டு மீட்டர் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"யாராவது ஏணியப் புடிச்சுக்கலாமே?" என்று சித்தப்பா மேலேயிருந்து கேட்டார்.

ஐந்து பேரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"தொடக் கூடாது!" என்றார் எனக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்த பத்திரம் சார். "ஏணியத் தொட்டவர் பொறுப்பேற்றவரா கருதப்படுவார். நாப்பதாம் பிரிவு. பார்க்கலாம், எவ்வளவு வேணா பார்க்கலாம். பார்த்துக்கிட்டு இருந்தவங்க மேல இதுவரைக்கும் உலகத்துல யாரும் கேஸ் போட்டதில்ல."

நாற்பத்தொன்றாம் பிரிவில்தான் வண்டி நின்றது. உயரத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு தன்னார்வலருக்கும் 'பொறுப்பேற்பவர்' என்று பெயர் குறிப்பிட்ட ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஊழியர்கள் போட முடியாது. அவர்களுக்கு வேறு கம்பெனி. மற்றத் தன்னார்வலர்கள் போட முடியாது. காப்பாற்றப்படுபவர் காப்பாற்றக் கூடாது.

"அப்ப யார்தான் போடுறது?" என்று கேட்டார் சித்தப்பா.

பத்திரம் சார் விரல் விட்டு எண்ணினார். "வெளியாளா இருக்கணும். ஆனா வாரா வாரம் உள்ள வர்றவரா இருக்கணும். பதினெட்டு வயசு ஆகியிருக்கணும். இங்க அவருக்குன்னு எந்த வேலையும் இருக்கக் கூடாது. மொத்தத்துல, சும்மா இருக்கணும்."

அவர் சொல்லச் சொல்ல, அறையில் இருந்த அத்தனை பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கரடி ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் என் பேச்சுப்போட்டி உரையின் இரண்டாம் பகுதியை அவர்களுக்குச் சுருக்கமாக வழங்கினேன். கையெழுத்து என்பது பயந்தவர்களின் கைரேகை என்றேன். ஒன்பது வருடம் ஒரு தாளும் இல்லாமல் ஏறி இறங்கிய மனிதருக்கு இப்போது மட்டும் என்ன வந்துவிடும் என்று கேட்டேன். வேண்டுமானால் அந்தப் படிவத்தை என்னிடம் கொடுங்கள், கல்லூரியில் நண்பர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றேன்.

சித்தப்பாவின் முகத்தில் பெருமை. "அவன் எதுக்கும் பயப்பட மாட்டான் சார். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். விடுங்க."

விட்டார்கள். பொறுப்பேற்பவர் கிடைக்கும்வரை சித்தப்பா உயரத்தில் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவாயிற்று. பாலிசியின்படி ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் எல்லாமே உயரம். கையை உயர்த்துவதும் உயரத்தில் வேலை செய்வதே. டேப்பை வைத்து அளந்து கரடியின் மீது சாக்பீஸால் கோடு கிழித்தார்கள். கோடு சரியாக அதன் முழங்காலில் வந்து நின்றது.

அன்று திரும்பி வரும்போது சித்தப்பா பிரஷை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"போனா போகுது சித்தப்பா. நாணய ரூமுக்கு மாத்திக் கேளுங்க. உக்காந்த எடத்துல வேலை."

சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "முப்பத்தோரு வருஷம் லிஃப்ட்ல நின்னேன்டா. தினமும் ஆயிரம் பேர் ஏறுவான், இறங்குவான். எல்லாரும் கதவையே பாத்துக்கிட்டு நிப்பான். ஒருத்தன் மூஞ்சியத் திருப்பினதில்ல. இது ஒண்ணுதான் என்னையே பாக்குது."

அப்போது ஒரு பேருந்து முந்திக்கொண்டு வந்தது; நான் ஹாரனை விடாமல் அழுத்தினேன்.

அடுத்த ஆறு சனிக்கிழமைகள் சித்தப்பா தரையில் உட்கார்ந்து கரடியின் கால்களை மட்டும் பிரஷ் போட்டார். வேறு இடம் இல்லாததால் இரண்டு மணி நேரமும் அதே இடத்தில். முழங்காலுக்குக் கீழே கரடி பளபளத்தது. மேலே வாரத்துக்கு வாரம் மங்கியது. நாலாவது வாரம் தோளில் ரூபாய் அளவுக்கு வழுக்கை. ஐந்தாவது வாரம் காதிலிருந்து பொடியாக எதுவோ உதிர ஆரம்பித்தது. பார்க்க வந்த ஒரு குழந்தை, "அம்மா, இந்தக் கரடி ஏன் பூட்ஸ் மட்டும் போட்டிருக்கு?" என்று கேட்டது.

உதிர்ந்த பொடியைப் பார்த்து பத்திரம் சார் புதிய கோப்பு ஒன்றைத் திறந்தார். தும்மல், வழுக்கல், ஒவ்வாமை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வே நடக்கும் நாளுக்குள் பொறுப்பேற்பவர் கிடைக்காவிட்டால் 'ஆபத்தின் மூலத்தை' அகற்றி, ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்குக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. அந்தக் கிடங்கில் ஜன்னல் கிடையாது, அந்துப்பூச்சிக்குக் குறைவில்லை. ஆறு மாதத்தில் கம்பியும் வைக்கோலும்தான் மிஞ்சும் என்றாள் நாணய அக்கா. கரடி போனால் விலங்குகள் அறையில் தன்னார்வலருக்கு வேலை இல்லை. சித்தப்பாவின் பெயரும் பட்டியலிலிருந்து போய்விடும்.

சர்வே நாளும் ஒரு சனிக்கிழமைதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு சிறிய லாரி நின்றுகொண்டிருந்தது. கரடியைக் கட்ட இரண்டு ஆட்கள் கயிற்றோடு வந்திருந்தார்கள்.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஒல்லியான மனிதர். ஒவ்வோர் அறையிலும் நுழைந்து எதையும் பார்க்காமல் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இங்க பொறுப்பு யாருது?" ஒவ்வோர் அறையிலும் பத்திரம் சார் ஒரு பெயரைச் சொன்னார். அவர் குறித்துக்கொண்டார். விலங்குகள் அறைக்கு வந்தார்கள்.

"இங்க?"

"இங்க யாரும் இல்ல சார். அதனால அகற்றுறோம்."

சர்வேயர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அப்போதுதான் கவனித்தேன், சித்தப்பா மூலையிலிருந்து ஏணியை இழுத்துக்கொண்டு வருகிறார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கரடியின் பக்கத்தில் ஏணியை விரித்தார். செருப்பைக் கழற்றினார்.

"ஐயா, என்ன பண்றீங்க? கோட்டுக்கு மேல போகக் கூடாது!" என்று பதறினார் பத்திரம் சார்.

"போறதுன்னா நல்லபடியா போகட்டும் சார்" என்றார் சித்தப்பா. "காதுல பூச்சியோட அனுப்ப மாட்டேன்."

ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து கண்காணிப்பாளர்களும் பயிற்சியில் சொன்னபடி இரண்டு மீட்டர் தள்ளிப் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கயிற்றோடு வந்த இரண்டு ஆட்களும், விஷயம் தெரியாமலேயே, எல்லாரும் செய்கிறார்கள் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சித்தப்பா ஐந்தாவது படியில் நின்று காதை நோக்கிக் கையை நீட்டினார். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினார்.

ஏணி ஆடியது.

இத்தனை சனிக்கிழமைகளில் நான் அவரைக் கீழேயிருந்து கவனித்துப் பார்த்ததே இல்லை. பெரும்பாலும் வெளியே வராந்தாவில் போனோடு உட்கார்ந்திருப்பேன். இப்போதுதான் பார்த்தேன். அவருடைய இடது முழங்கால் வேட்டிக்குள் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. பிரஷ் பிடித்த கை இவ்வளவு மெலிந்தது எப்போது என்று தெரியவில்லை.

"விழுறதா இருந்தா கோட்டுக்குள்ள விழுங்க!" என்று கத்தினார் பத்திரம் சார்.

சர்வேயர் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பினார்.

ஏணி மறுபடி ஆடி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் அறையின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஏணியின் முன்னிரண்டு கால்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் ஏணி மறுபடி ஆடிவிடுமோ என்றுதான் கவலையாக இருந்தது.

பிறகு பத்திரம் சார், பிரசவ அறைக்கு வெளியே காத்திருந்தவர் மாதிரி, "தொட்டுட்டாரு!" என்றார்.

"தொட்டுட்டாரா?" என்றார் காப்பாட்சியர் வாசலிலிருந்து.

"ரெண்டு கையாலயும் சார்!"

எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஐந்து கண்காணிப்பாளர்களும் கைகளை முன்னால் கொண்டுவந்து உதறிக்கொண்டார்கள். அன்று முதல்முறையாகச் சர்வேயர் சிரித்தார். நல்ல மனிதர், பல்வரிசை நன்றாக இருந்தது. கீழே நடந்தது எதுவும் மேலே சித்தப்பாவுக்குத் தெரியவில்லை.

"டேய், நல்லா புடி" என்றது சித்தப்பாவின் குரல். "இந்தக் காது முடிஞ்சிரும். மாப்ளே, ஆடாத."

மாப்ளே ஆடவில்லை. நான்தான்.

இரண்டு காதும், தோளும், முதுகும் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் தலையெல்லாம் கரடி ரோமம். சித்தப்பா இறங்கிய பிறகு ஏணியைச் சாய்த்துப் பார்த்தேன். நான்கு கால்களில் ஒன்றில் ரப்பர் குப்பி இல்லை. வெறும் இரும்பு, வழவழவென்று தேய்ந்திருந்தது.

"சார், இதப் பாருங்க" என்றேன்.

பத்திரம் சார் குனிந்து பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஏணி நம்ம பாலிசியில வராது தம்பி. அது தளவாடம். தளவாடத்துக்கு வேற டிபார்ட்மென்ட்."

பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். "தொட்டது இன்னைக்கு மட்டும்தான் செல்லும். நாப்பதாம் பிரிவு. அடுத்த வாரத்துலேருந்து நாப்பத்தொண்ணு, கையெழுத்து வேணும். இஷ்டம் இல்லைன்னா பரவால்ல. ஒண்ணும் நிர்ப்பந்தம் இல்ல. வண்டி இன்னும் வாசல்லதான் நிக்குது."

சித்தப்பா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து பிரஷிலிருந்து ரோமத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நாணய அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். "பாத்தியாம்மா, எப்படிப் புடிச்சான்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "பயமே கிடையாது அவனுக்கு."

நான் அலுவலக அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, படிவத்தை வாங்கினேன். பெயர், வயது, உறவு. ஒன்பதாம் கட்டத்தில், 'நிகழக்கூடிய விபத்துகள்: விவரிக்க' என்று போட்டு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

இடது முழங்கால் என்று ஆரம்பித்தேன். வலது காதுக்கு எட்டும்போது நுனிக்காலில் நிற்கிறார். ஏறுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார். கரடியோடு பேச்சு வந்துவிட்டால் படியைப் பார்ப்பதில்லை. குழந்தைகள் யாராவது கூப்பிட்டால் மேலே நின்றபடியே முழுசாகத் திரும்புகிறார். ஏணிக்கு ஒரு கால் சரியில்லை, மற்ற மூன்றையும் யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

இடம் தீர்ந்துவிட்டது. எழுந்து போய்க் கூடுதல் தாள் கேட்டேன். பத்திரம் சார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு குடுங்க சார்" என்றேன், வெளியே பெஞ்சு வரை கேட்காத குரலில்.